சென்னைப் பல்கலைக் கழக நூலகமும் ஓர் ஆசிரியரும்



1924ஆம் ஆண்டு சனவரித் திங்களில், 31 வயதுக் கணித ஆசிரியர் ஒருவர் சென்னைப் பல்கலைக் கழக நூலகத்தின் பொறுப்பை ஏற்றுக் கொண்டார். சில வாரங்களே சென்றன. தாம் விட்டு வந்த ஆசிரியப் பணியைத் திரும்பத் தருமாறு மேலோரிடம் சென்று வேண்டி நின்றார். வேலை கடினமாக இருந்தது என்பதன்று அவருடைய குறை. அலமாரிகளுக்கு நடுவே தனியே அமர்ந்திருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. வகுப்பறையில் ஐம்பது முகங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, வாய் பேசாத புத்தக முதுகுகளைப் பார்த்துக்கொண்டே இருப்பது பெருந் துன்பமாக இருந்தது.

அந்த ஆசிரியர்தாம், பின்னாளில் இந்திய நூலகத் துறையின் தந்தை என்று உலகம் போற்றிய சீர்காழி இராமாமிருத ரங்கநாதன். நூலகத்தை விட்டு ஓடிவிட விரும்பிய ஒருவர், அதே நூலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தங்கி, அதை மாணவர் கற்கும் இடமாக மாற்றிய வரலாற்றையே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

ரங்கநாதன் 1892ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். அக்கல்லூரி அக்காலத்தில் தாம்பரத்தில் இல்லை. சென்னைக் கோட்டைக்கு வடபால், ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்கே எட்வர்டு ராஸ் என்னும் கணிதப் பேராசிரியர் அவரைத் தம் மகனைப் போலப் போற்றி வளர்த்தார். முதுகலைப் பட்டம் பெற்றபின் ரங்கநாதன் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் எல்.டி. பட்டமும் பெற்றார். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் அரசினர் கல்லூரிகளில் கற்பித்துவிட்டு, 1921இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அவருக்குத் திக்குவாய் இருந்தது. அதனை மெல்ல மெல்ல வென்றே அவர் நல்லாசிரியர் எனப் பெயர் பெற்றார் என்பதை, வகுப்பில் எழுந்து பேசத் தயங்கும் மாணவர்கள் குறித்துக் கொள்ளலாம்.

எல்.டி. பட்டத்தை நான் இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நானும் ஆசிரியப் பயிற்சி பெற்றவன்தான். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதன்முதலாகச் சொல்லித் தந்தது, பாடத்தை அறிந்தால் மட்டும் போதாது, பிள்ளையையும் அறிய வேண்டும் என்பதாகும். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் இடறுகிறான் என்று பார்ப்பதே ஆசிரியனுடைய கண். அந்தக் கண்ணோடு நூலகத்துக்குள் நுழைந்தவர் ரங்கநாதன். இதனை மறந்துவிட்டால், அவர் பின்னர்ச் செய்தவற்றின் பொருள் நமக்கு விளங்காமற் போய்விடும்.

பதவிக்கு வந்தபோது நூலகத் தொழிலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நேர்முகத் தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்திருந்தார், அவ்வளவே. ஆகவே, பழைய வேலையைக் கேட்டு வந்தவரிடம் பெரியோர் ஓர் உடன்பாடு செய்து கொண்டனர். அவர் இங்கிலாந்து சென்று நூலகக் கலையைக் கற்று வரட்டும். திரும்பி வந்த பின்னும் மனம் ஒட்டவில்லையானால் கணித ஆசிரியர் பதவியையே ஏற்கட்டும் என்பது அவ்வுடன்பாடு. ரங்கநாதன் கப்பலேறினார்.

இலண்டனில் பல்கலைக் கழகக் கல்லூரியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பெர்விக் சேயர்ஸ் என்பவர். ஆனால் வகுப்பறையைக் காட்டிலும் அவருக்கு மிகுதியாகக் கற்றுக் கொடுத்தவை அந்நாட்டு நூலகங்கள். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை அவர் சுற்றிப் பார்த்தார். தொழிலாளர், இல்லத்தரசியர், சிறுவர் என எல்லா நிலையினரும் உள்ளே வருவதையும், நூலகப் பணியாளர் அவர்களுக்கு உதவி புரிவதையும் கண்டார். சென்னையில் தாம் கண்ட தனிமை நூலகத்தின் இயல்பு அன்று. நூலகத்தை நடத்தத் தெரியாமையின் விளைவே என்பது அப்போதுதான் அவருக்குப் புலனாயிற்று.

இலண்டனில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். செல்பிரிட்ஜ் என்னும் பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை விற்பனையாளர் ஒருவர் இயக்கிக் காட்டிக் கொண்டிருந்தார். துளையிட்ட தகடுகள், கம்பிகள், சக்கரங்கள், திருகாணிகள் ஆகிய இவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டி, ஒருமுறை ஒரு பொம்மையையும் மறுமுறை வேறொரு பொம்மையையும் அவர் செய்து காட்டினார். வேறொருவராக இருந்தால் சற்று நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்பார். ரங்கநாதனோ நூல்களைப் பகுப்பதற்கும் இவ்வழி பொருந்துமே என்று எண்ணினார். அந்நாளில் உலகெங்கும் வழங்கிய டூயி தசமப் பகுப்பு, அறிவுத் துறைகளை முன்கூட்டியே பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்திருந்தது. புதிய பொருள் ஒன்று பிறந்தால் அதனை எந்தப் பெட்டியில் இடுவது என்ற இடர்ப்பாடு எழும். ரங்கநாதன் பெட்டிகளுக்கு மாறாகத் தகடுகளையும் திருகாணியையும் கொண்டார். மருத்துவத்துக்கு எல் என்னும் எழுத்து, நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6. இவற்றை முக்காற்புள்ளி என்னும் திருகாணியால் பூட்டினால் நுரையீரற் காசநோய்க்குரிய சிகிச்சையைக் கூறும் நூலின் இருப்பிடம் கிடைத்துவிடும். இதுவே 1933இல் நூலாக வெளிவந்து உலகப் புகழ் பெற்ற கோலன் பகுப்பு முறை. நான் கணிதம் கற்பித்தவன் ஆதலால் இதில் எனக்குச் சிறிது பற்று மிகுதி, பொறுத்துக் கொள்க.

1925ஆம் ஆண்டின் நடுவில் அவர் சென்னை திரும்பினார். கணித ஆசிரியர் பதவியைக் கேட்கவில்லை.

அப்போது பல்கலைக் கழக நூலகத்துக்கெனத் தனிக் கட்டடம் இல்லை. எழும்பூரில் 1896இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் அது ஒண்டுக் குடித்தனம் இருந்தது. ரங்கநாதன் முதலில் கருத்தூன்றியவற்றுள் ஒன்று, வாசகர் தாமே அலமாரிகளிடையே சென்று, நூல்களைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க வழி செய்ததாகும். இன்று இது உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும். இதில் என்ன புரட்சி இருக்கிறது என்று கேட்பீர்கள். பூட்டிய அலமாரியின் முன் நின்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நான் கல்லூரியில் பயின்றது 1970களின் இறுதியில். கல்லூரியின் பெயர் வேண்டா. அங்கே நூலகத்தில் ஒரு மரத் தடுப்பு, அதற்கு அப்பால் கண்ணாடிக் கதவிட்ட அலமாரிகள், ஒவ்வொன்றிலும் பூட்டு. சீட்டில் நூலின் பெயரை எழுதித் தடுப்பின்மீது வைக்க வேண்டும். அரைமணி கழித்துச் சீட்டு மட்டும் திரும்பி வரும். நூல் வெளியே போயிருக்கிறது என்பார்கள். எந்த நூலைக் கேட்பது என்று தெரியாத மாணவன் என் செய்வான்? நூலின் பெயர் தெரிந்தவனுக்கே அங்கு நூல் கிடைக்கும். பெயர் தெரியாதவனுக்கோ, அவனன்றோ கற்க வந்தவன், அந்த மரத் தடுப்பே எல்லை. இளங்கலை முடிந்த பின்னர் ஒருநாள் சேப்பாக்கத்தில் பல்கலைக் கழக நூலகத்துக்குள் நுழைந்து, வரிசை வரிசையாக நூல்களுக்கு நடுவே என் விருப்பம்போல் நடந்தேன். எதைத் தேடி வந்தேன் என்பதையே மறந்துவிட்டு, தேடாத நூல் ஒன்றை எடுத்து நின்றபடியே ஒரு மணி நேரம் படித்தேன்.

ரங்கநாதன் இவ்வகை அனுபவங்களுக்கெல்லாம் ஓர் அடிப்படை தேடினார். கணிதம் கற்றவர் அல்லரோ! சிதறிக் கிடக்கும் நூலக நடைமுறைகளையெல்லாம் சில விதிகளில் அடக்க முடியாதா என்று மூன்றாண்டுகள் மனம் உழன்றார். 1928இல் ஒருநாள் அவருடைய பழைய ஆசிரியர் ராஸ் அவரைக் காண வந்தார். மாணவனின் தவிப்பைக் கேட்டுவிட்டு, நூல்கள் பயன்படுவதற்கே என்பதுதானே உன் முதல் விதி என்ற கருத்தில் சொல்லிவிட்டுப் போனார். கட்டு அவிழ்ந்தது. வாசகன் ஒவ்வொருவனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும். நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகன் கிடைத்தல் வேண்டும். வாசகனுடைய காலம் வீணாகலாகாது. நூலகம் வளர்ந்து கொண்டே இருக்கும் உயிர்ப்பொருள் என மற்ற நான்கும் அடுத்தடுத்து அமைந்தன. 1931இல் நூலாவதற்கு முன், 1928 டிசம்பரில் அண்ணாமலை நகரில் கூடிய கல்வி மாநாட்டில்தான் இவற்றை அவர் முதன்முதல் எடுத்துரைத்தார். கல்வியாளர் அவையிலேயே நூலக விதிகள் முதலிற் கேட்கப்பெற்றன என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இவ்விதிகள் வெறும் அழகுச் சொற்களா என்று சிலர் ஐயுறலாம். ஒரு மாணவனின் கதையைச் சொல்கிறேன். 1903இல் கும்பகோணத்தில் 16 வயதுப் பையன் ஒருவனுக்கு, அங்குள்ள அரசினர் கல்லூரி நூலகத்திலிருந்து, தெரிந்தவர் வாயிலாக ஒரு கணித நூல் கிடைத்தது. ஜார்ஜ் ஷூப்ரிட்ஜ் கார் என்பவர் எழுதியது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அதில் வரிசையாக இருந்தன. நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை. அந்தப் பையனே சீனிவாச இராமானுஜன். அந்நூல் அவருடைய மேதையைத் தட்டி எழுப்பியது. நூல் தனக்குரிய வாசகனைக் கண்டுகொண்டது என்று மகிழ்கிறோம். ஆனால் கதையின் மறுபாதியை நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. அந்நூல் அப்போதே பழையது. அதன்பின் ஐரோப்பாவில் கணிதம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. அதனை அறிவிக்கும் நூல்கள் இவை என்று கைகாட்டி அந்த இளைஞரை அழைத்துச் செல்ல, அவர் தேவைக்கேற்ற துணை வாய்க்கவில்லை. 1913இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் எழுதியனுப்பிய முடிவுகளுள் சில முன்னரே பிறர் கண்டுபிடித்தவை. பிறர் கண்டு முடித்ததை மீண்டும் கண்டுபிடிப்பதற்கு அந்த மாமேதை எத்தனை இரவுகளைச் செலவிட்டிருப்பார்! 32 வயதில் மறைந்த ஒருவருக்கு அவ்விரவுகள் சிறியவை அல்ல. வாசகனின் காலத்தைக் காக்க வேண்டும் என்னும் விதியை நான் படிக்கும்போதெல்லாம் கும்பகோணத்துத் திண்ணையும் சிலேட்டுப் பலகையும் என் நினைவுக்கு வரும். இராமானுஜனின் வரலாற்றை 1967இல் நூலாக எழுதி வெளியிட்டவர்களுள் ரங்கநாதனும் ஒருவர் என்பதை இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அலமாரியைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும். பெருங்கடலின் முன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நீந்திக்கொள் என்று சொல்வது கல்வியாகாது. இங்கேதான் ரங்கநாதனுக்குள் இருந்த ஆசிரியர் மீண்டும் வெளிப்பட்டார். நூலுக்கும் மாணவனுக்கும் இடையே மனிதர் ஒருவர் நிற்க வேண்டும் என்றார் அவர். நூலகத் துறையினர் இதனை நோக்கீட்டுப் பணி என்பர். இதற்கெனவே தனி நூலும் எழுதினார். இப்பணியில் இருவகை உண்டு. ஓர் ஊரின் மக்கள் தொகை என்ன, ஒரு சொல்லின் பொருள் என்ன என்று கேட்பவனுக்கு, அகராதியையோ கலைக்களஞ்சியத்தையோ புரட்டி அப்போதே விடை தருவது ஒன்று. ஓராண்டு ஆராய்ச்சி செய்ய வந்தவனோடு நாட்கணக்கில் உடனிருந்து, அவனுக்கு வேண்டிய கட்டுரைகளையும் இதழ்களையும் தேடித் தருவது மற்றொன்று.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக அவர் இன்னொன்றையும் வலியுறுத்தினார். நூலகத்துக்குப் புதிதாக வரும் மாணவனை வாயிலிலேயே எதிர்கொண்டு, நூற்பட்டியலை எப்படிப் பார்ப்பது, பகுப்பெண்ணை எப்படிப் படிப்பது, ஒரு நூலின் பொருளடக்கத்தையும் சொல்லடைவையும் எப்படிக் கையாள்வது என்று பழக்க வேண்டும் என்பதே அது. வேற்றூரிலிருந்து வந்த உறவினருக்கு நாம் கிணறு எங்கே, கொல்லைப்புறம் எங்கே என்று காட்டுவதில்லையா? அதுபோன்றதே இது. சிற்றூர்ப் பள்ளியிலிருந்து நகரத்துக் கல்லூரிக்கு வரும் பிள்ளை நூலகத்துள் நுழைய அஞ்சுவதற்குப் பாதிக் காரணம், அங்கே எப்படி நடந்து கொள்வது என்று தெரியாத கூச்சமே. அக்கூச்சத்தை நான் என்னிடமும் கண்டிருக்கிறேன். நாற்பது ஆண்டுக்கால மாணவரிடமும் கண்டிருக்கிறேன்.

இப்பணிக்கு ஆட்கள் வேண்டுமே! அட்டையில் எண் எழுதத் தெரிந்தால் போதும், நூலகத்துக்கு ஆளாகிவிடலாம் என்று எண்ணியிருந்த காலம் அது. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1929இல் அதன் சார்பில் ரங்கநாதன் நூலகப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1931இல் பல்கலைக் கழகமே அதனை ஏற்றுக் கொண்டது. 1937இல் அது பட்டயப் படிப்பாக உயர்ந்தது. நூலகத்துக்கும் கடற்கரைச் சாலையில் சொந்தக் கட்டடம் எழுந்து, 1936இல் நூல்கள் அங்கே குடிபுகுந்தன. இத்தனைக்கும் இடையே அவர் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும், இருபதாண்டுகள் விடுமுறையின்றி உழைத்தார் என்பர். 1929இல் அவருடைய திருமண நாளன்றும் பிற்பகலில் நூலகத்துக்கு வந்துவிட்டாராம். இதனை எல்லாரும் வியந்து பேசுகின்றனர். எனக்கு வியப்போடு சிறிது வருத்தமும் உண்டு. தனி ஒருவர் இவ்வாறு தம்மை எரித்துக் கொண்டால்தான் ஒரு நூலகம் நடக்கும் என்ற நிலை, அவருக்குப் பெருமை. நடத்தியவர்களுக்குப் பெருமை அன்று. மணநாளிலும் கணவரை நூலகத்துக்கு விட்டுக்கொடுத்த சாரதா அம்மையாரின் பெயரை, ரங்கநாதன் மறக்கவில்லை. 1950களில் தம் வாழ்நாள் சேமிப்பாகிய ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு அளித்து, நூலகவியல் பேராசிரியப் பதவி ஒன்றை அவர் பெயரால் நிறுவினார்.

1945இல் ரங்கநாதன் சென்னையை விட்டுக் காசிக்குச் சென்றார். பின்னர்த் தில்லி, பெங்களூர். 1948இல் சென்னை மாகாணம் விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியபோது, அதற்கு முன் அவர் ஆண்டுக்கணக்கில் செய்த முயற்சி பலித்தது. 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1972இல் மறைந்தார். இவை நீங்கள் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் காணக் கூடியவை.

இன்று நூற்பட்டியல் அட்டைகள் மறைந்து கணிப்பொறித் திரை வந்துவிட்டது. பெயரைத் தட்டினால் நூல் இருக்கும் இடம் தெரிகிறது. ஆயின் பெயர் தெரியாதவன் எதைத் தட்டுவான்? என் காலத்து மரத் தடுப்பு இன்று கண்ணாடித் திரையாக ஒளிர்கிறது என்று சில வேளைகளில் எனக்குத் தோன்றுகிறது. ஒரு நூலகத்தில் பணம் குறையும்போது நூல் வாங்குவதைக் குறைத்தால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். மாணவனோடு அமர்ந்து பேசும் பணியாளரின் இடம் காலியாகக் கிடந்தால், அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. கேட்க வந்த பிள்ளை கேளாமலே திரும்பிப் போவான். அவன் போனதைக் குறித்து வைக்கும் பதிவேடும் இல்லை.

பிறரைக் குறை கூறியது போதும். என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். 1942இல் ரங்கநாதன் பள்ளி, கல்லூரி நூலகங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதனை நான் படித்ததும் உண்டு; மேற்கோள் காட்டிப் பேசியதும் உண்டு. ஆயினும் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற முதல் ஐந்தாண்டுகள் எங்கள் பள்ளியின் மூன்று நூல் அலமாரிகளும் பூட்டியே கிடந்தன. சாவி என் மேசை அறையில் கிடந்தது. ஒரு நூல் குறைந்தாலும் இருப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும். தணிக்கையில் விடை சொல்ல வேண்டும். பணத்தைச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற அச்சமே காரணம். ஆறாம் ஆண்டில் ஒரு மாணவி என் அறைக்கு வந்து, 'ஐயா, அந்த அலமாரியில் இருப்பவை எல்லாம் யாருடைய புத்தகங்கள்?' என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. ஐந்தாண்டுகளாக அவ்வழியே நடந்து போனவள் அவள்.

அன்று மாலையே அலமாரிகளைத் திறந்தோம். தமிழாசிரியர் ஒருவர் நாள்தோறும் இடைவேளையில் அங்கே அமர்ந்து, யார் எதைக் கேட்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினார். ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தபோது ஏழு நூல்கள் குறைந்தன. விலையை நானே கட்டினேன். இரண்டாண்டு கழித்து அவற்றுள் ஒன்று மட்டும் என் மேசைமேல் இருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. பழுப்புத் தாளில் அட்டை போட்டு, கிழிந்திருந்த முதுகை வெள்ளை நூல் கோத்துத் தைத்திருந்தார்கள்.